காலாங் களிமண்ணில் துளை போடுமுன்: சோதனைக் குழி, ஆழம், மாதிரி எடுப்பது பற்றிச் சில கேள்விகள்

கேலாங்_சைட்:

வணக்கம். சிங்கப்பூரில் அல்ஜூனிட் பக்கம் ஒரு மனை, 45 மீட்டருக்கு 40 மீட்டர். எட்டு மாடிக் கட்டடம், நிலத்தடியில் ஒரு தளம். தோண்டும் ஆழம் சுமார் 5 மீட்டர். தெற்கு எல்லையிலிருந்து 25 மீட்டரில் ரயில் மேம்பாலத் தூண் நிற்கிறது. முன்பு கடைவீடுகள் இருந்து இடிக்கப்பட்ட இடம்.

கன்சல்டன்ட் கொடுத்த பிளானில் 4 போர்ஹோல் (மண் ஆய்வுத் துளை), ஒவ்வொன்றும் 30 மீட்டர், 1.5 மீட்டருக்கு ஒரு எஸ்பிடி (சுத்தியலால் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கி அடிகளை எண்ணும் சோதனை) என்று மட்டும் இருக்கிறது. பக்கத்து மனையின் பழைய ரிப்போர்ட் ஒன்று கிடைத்தது. மேலே 3 மீட்டர் கொட்டிய மண், அதற்குக் கீழே 18 மீட்டர் வரை மரைன் கிளே (கடலில் படிந்த மென்மையான களிமண்), பிறகு ஓல்ட் அலுவியம் (பழங்கால ஆற்றுப் படிவான கெட்டி மண்).

மூன்று விஷயம் தெரிய வேண்டும். கேபிள் டிடெக்‌ஷன் முடிந்துவிட்டது, கருவியில் சத்தமே வரவில்லை, அதனால் சோதனைக் குழி வேண்டாம் என்கிறார் ஃபோர்மன். அது சரியா? 4 துளை, 30 மீட்டர் போதுமா? மரைன் கிளேயில் எஸ்பிடி மட்டும் எடுத்தால் டிசைனுக்கு உதவுமா, இல்லை வேறு மாதிரி, வேறு சோதனை கேட்க வேண்டுமா? ரிக் (துளை போடும் இயந்திரம்) அடுத்த வாரம் வருகிறது.

குழிக்காவல்:

தம்பி, குழி தோண்டாமல் ரிக்கை ஏற்ற விடாதீர்கள். கருவி ஏன் சும்மா இருந்தது என்று தெரிந்துகொண்டால் ஃபோர்மனிடம் பேசுவது சுலபம்.

டிடெக்டருக்குக் கேபிள் தெரியாது. கேபிளைச் சுற்றி எழும் காந்தப் புலத்தைத்தான் அது பிடிக்கிறது. பவர் மோடில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடினால்தான் சிக்னல் வரும். மூன்று ஃபேஸும் ஒரே உறைக்குள் சமமாக ஓடினால் மூன்றின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேபிள் முழுச் சுமையில் இருந்தாலும் கருவி சும்மா இருக்கும். உங்கள் மனையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடைவீடுகளுக்குப் போன சர்வீஸ் கேபிளில் இப்போது சுமை கிடையாது, மின்னோட்டமும் கிடையாது. சாலைப் பக்கத்து முனை இன்னும் இணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் மட்டும் அப்படியே இருக்கும். பவர் மோடில் அது பிடிபடாது.

ஆகவே எந்த மோடில் தேடினார்கள் என்று முதலில் கேளுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற பணியாளர்தான் தேட வேண்டும். அவர் டிரான்ஸ்மிட்டரையும் கொண்டு வந்திருக்க வேண்டும். அருகிலுள்ள ஓஜி பாக்ஸ் (தரைமேல் நிற்கும் மின்பெட்டி), விளக்குக் கம்பம் போன்ற இடத்தில் கேபிளைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு 33 கிலோஹெர்ட்ஸ் அளவில் சிக்னல் ஏற்றித் தேடுவதுதான் நம்பகமானது. ஒரே திசையில் நடந்து பார்த்தால் போதாது. கருவியின் முகம் கேபிளுக்கு இணையாகத் திரும்பிவிட்டால் சிக்னல் விழும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை நடக்க வேண்டும். பிளாஸ்டிக் எரிவாயுக் குழாய், பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய், உலோகம் இல்லாத ஃபைபர் கேபிள் மூன்றும் இந்தக் கருவிக்கு அகப்படாதவை. தரை ஊடுருவும் ரேடார் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் ஈரமான, உப்பேறிய களிமண் அந்த அலையை விழுங்கிவிடும். காலாங் பக்கம் ஒரு மீட்டருக்குக் கீழே அது சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

அடுத்து சர்வீஸ் பிளான். எஸ்பி பவர்கிரிட் மின்சாரத்துக்கு, பவர்காஸ் எரிவாயுவுக்கு, பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்களுடையதற்கு என்று தனித்தனியாக வாங்க வேண்டும். பிளானில் உள்ள தூரம் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சாலை ஓரத்திலிருந்தோ எல்லைக் கல்லிலிருந்தோ அளந்தது. சாலை அகலமாகியிருந்தால் அந்த அளவு இன்றைக்குப் பொருந்தாது. ஆழத்தை நம்பவே வேண்டாம். கேபிள் போட்ட பிறகு மேலே ஒரு மீட்டர் மண் கொட்டியிருந்தாலும், வெட்டி எடுத்திருந்தாலும் பிளானில் பழைய எண்தான் நிற்கும்.

இப்போது குழி. ஒவ்வொரு போர்ஹோல் புள்ளியிலும் சுமார் 1 மீட்டர் சதுரம், 1.5 மீட்டர் ஆழம், கையால் தோண்ட வேண்டும். சாங்கோலை (மண்வெட்டியை) ஓங்கி வெட்டாமல் மண்ணைச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். கடப்பாரையைச் செங்குத்தாகக் குத்தவே கூடாது, பிரேக்கர் இயந்திரம் மேலே உள்ள கான்கிரீட்டை உடைக்க மட்டும். 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், விதி அப்படித்தான். அதனால் 1.5 மீட்டரில் குழியை நிறுத்திவிட்டு, அடியிலிருந்து கை ஆகரால் (கையால் திருகும் துளைப்பானால்) மேலும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை மெதுவாகத் துழாவுவது நல்ல வழி. சிவப்பு செங்கல், கான்கிரீட் மூடுபலகை, மஞ்சள் எச்சரிக்கை நாடா, சுற்றியுள்ள மண்ணோடு சேராத சுத்தமான மணல், இதில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். கேபிளைச் சுற்றி மணல் போடுவது வழக்கம்.

அதிகமாக நடக்கும் தவறு இதற்குப் பிறகுதான். குழி சுத்தமாக இருக்கும், படம் எடுப்பார்கள், மூடுவார்கள். மறுநாள் ரிக் வரும்போது அடையாளம் அழிந்திருக்கும், சேறு என்று சொல்லி ரிக்கை 700 மி.மீ. தள்ளி நிறுத்துவார்கள். தோண்டிப் பார்த்த இடம் ஒன்று, துளை போடும் இடம் வேறு. இதைத் தடுக்க, குழியை மூடும்போதே நடுவில் 200 மி.மீ. பிவிசி குழாயை நிமிர்த்தி வைத்துச் சுற்றி மண் நிரப்புங்கள். டிரில் ராடு அந்தக் குழாய்க்குள்தான் இறங்க வேண்டும் என்று பெர்மிட்டில் எழுதுங்கள். புள்ளி 300 மி.மீ. நகர்ந்தாலும் புதுக் குழி தோண்டுங்கள். குழாய்க்கு மூடியும் போட வேண்டும். திறந்து கிடந்தால் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

மேலே உள்ள கேபிள் மட்டும் கணக்கில்லை. தூண் 25 மீட்டர் என்றால் நீங்கள் ரயில் பாதுகாப்பு வட்டத்துக்குள் இருக்கிறீர்கள், அது 40 மீட்டர். மண் ஆய்வுத் துளைக்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அடுத்த வாரம் ரிக் வருகிறது என்கிறீர்கள். அந்த அனுமதி கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் குழாய், எஸ்பியின் மின்கேபிள் சுரங்கம் போன்றவை பல பத்து மீட்டர் ஆழத்தில் ஓடுபவை. குழி தோண்டி அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. 30, 40 மீட்டர் துளை போடுபவருக்கு அவைதான் பெரிய ஆபத்து.

மண்ணுக்கடியில்:

குழி பற்றி மேலே முழுமையாகச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் குழியின் சுவரையும் லாக் (எந்த ஆழத்தில் என்ன மண் என்ற பதிவு) எழுதுங்கள். கொட்டிய மண்ணில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அது. பழைய கடைவீட்டு மனைகளில் பக்காவ் கழி அடித்திருப்பார்கள். சதுப்புநில மரக்கழி அது, சுமார் 100 மி.மீ. குறுக்களவு. துளை அதன் மேல் விழுந்தால் எஸ்பிடி குழாயில் மரத்துண்டு வரும். லாக்கில் அதை மக்கிய தாவர மண் என்று எழுதிவிடுவார்கள், டிசைன் செய்பவர் இல்லாத ஒரு மண்படலத்தை வரைந்துவிடுவார்.

எண்ணிக்கைக்கு வருவோம். கட்டட, கட்டுமான ஆணையமும் பொறியாளர் சங்கங்களும் சேர்ந்து 2003 இல் தந்த ஆலோசனைக் குறிப்பில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 300 சதுர மீட்டருக்கு ஒரு துளை, அல்லது 10 முதல் 30 மீட்டர் இடைவெளிக்கு ஒன்று, இரண்டில் எது அதிகமோ அது. எப்படியும் மூன்றுக்குக் குறையக் கூடாது. உங்கள் மனை 1,800 சதுர மீட்டர். 6 துளை வர வேண்டும், 4 போதாது. நிலத்தடித் தளம் இருப்பதால் அந்த ஆறையும் கட்டடத்துக்கு நடுவில் கொத்தாகப் போடாதீர்கள். தாங்குசுவர் வரும் கோட்டின் மேல் குறைந்தது நான்கு. ரயில் தூண் பக்கம் இரண்டு, ஏனென்றால் அந்தப் பக்கத்து அசைவுக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆழத்தை 30 மீட்டர் என்று நிலையாக எழுதியதுதான் இந்தப் பிளானின் பெரிய குறை. துளை எங்கே நிற்க வேண்டும் என்பதை மண்தான் சொல்ல வேண்டும். அதே குறிப்பின்படி, எஸ்பிடியில் சுத்தியல் அடி எண்ணிக்கை 100 தாண்டிய கடின மண்ணுக்குள் 5 மீட்டருக்கு மேல் போக வேண்டும், அல்லது பைல் (ஆழ அடித்தளத் தூண்) நிற்கப்போகும் ஆழத்துக்குக் கீழே பைல் விட்டத்தின் மூன்று மடங்குக்கு மேல். ஓல்ட் அலுவியத்தின் மேல்பகுதி சிதைந்து தளர்ந்திருக்கும். 18 மீட்டரில் தொடங்கும்போது எஸ்பிடி 20, 30 என்றே வரும், 100 ஆக இன்னும் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது மனைக்கு மனை மாறும். 30 மீட்டரில் எஸ்பிடி 60 என்று வந்து, பிளான்படி துளையை மூடி, ரிக் கிளம்பிப் போய்விட்டால் திரும்ப வரவழைக்கும் செலவு முதல் செலவைவிட அதிகம். ஒப்பந்தத்தில் "30 மீட்டர், அல்லது மேற்படி நிபந்தனை, எது ஆழமோ அது" என்று எழுதி, கூடுதல் மீட்டருக்கு விலையையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இனி மண். காலாங் உருவாக்கத்தை (மரைன் கிளே அடங்கிய மண்படலத் தொகுதியை) ஒரே களிமண்ணாக நினைத்து இறங்கக் கூடாது. மேல் மரைன் கிளே, கீழ் மரைன் கிளே என்று இரண்டு உண்டு, இரண்டும் சாம்பல் அல்லது நீலச்சாம்பல், சிப்பித் துண்டுகளோடு. இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கெட்டியான களிமண் ஒரு சில மீட்டர் வரும். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் கீழ்க் களிமண்ணின் தலைப்பகுதி வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டது அது. 0, 1, 1 என்று வந்த எஸ்பிடி அங்கே திடீரென்று 8, 10 என்று ஏறும். நிறமும் மாறுவதால் ஓல்ட் அலுவியம் வந்துவிட்டது என்று டிரில்லர் நினைத்து மென்மண் சாம்பிளரை (மாதிரி எடுக்கும் கருவியை)க் கழற்றி வைத்துவிடுவார். அதற்கும் கீழே இன்னும் மென்மையான களிமண் இருக்கும், அதில் மாதிரியே இல்லாமல் போகும். உங்களிடம் உள்ள பழைய ரிப்போர்ட்டில் இந்த நடுப்படலம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஆழத்தைத் தெரிந்துகொண்டு ரிக் அருகில் நின்றால் தவறு நடக்காது.

பழைய ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு விஷயம். மட்டம் எந்த அடிப்படையில் எழுதியது? ரயில் திட்ட ரிப்போர்ட்களில் 100 மீட்டர் கூட்டி எழுதும் வழக்கம் உண்டு. 101.2 என்றால் சிங்கப்பூர் உயர அடிப்படையில் 1.2 மீட்டர். நிலத்தடி நீர் அளவையும் அப்படியே எடுக்க வேண்டாம். மரினா அணை 2008 இல் வருமுன் காலாங் ஆற்று முகத்தில் கடலேற்றம் இறக்கம் இருந்தது, இப்போது அது நீர்த்தேக்கம்.

கேலாங்_சைட்:

மிக்க நன்றி அண்ணே. ரயில் அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை, ரிக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். 6 துளைக்கும் கடிதம் எழுதிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். பக்கத்து மனை ரிப்போர்ட்டில் 6 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை எஸ்பிடி வரிசையாக 0, 0, 0 என்று இருக்கிறது. அது உண்மையான அளவா, சோம்பலா? இந்த எண்ணிலிருந்து வலுவை எப்படி எடுப்பது?

ரிக்_மேற்பார்வை:

0 உண்மையாகவே வரலாம். ராடும் சுத்தியலும் சேர்ந்த எடையிலேயே குழாய் களிமண்ணுக்குள் இறங்கிவிடும். ஆனால் வெறும் 0 என்று எழுதுவது அரைகுறை லாக். "ராடு எடையில் 450 மி.மீ. இறங்கியது" என்றோ "சுத்தியல் வைத்ததும் 300 மி.மீ. இறங்கியது" என்றோ எழுத வேண்டும், இரண்டும் வேறு வேறு மண். எப்படி எழுதினாலும் 0 இலிருந்து வலுவை எடுக்க முடியாது. அந்த மண்ணில் எஸ்பிடியின் வேலை படலத்தை அடையாளம் காட்டுவது மட்டும். வலுவுக்கு ஃபீல்டு வேன் (இறக்கைகள் கொண்ட தண்டைக் களிமண்ணுக்குள் சுற்றி முறுக்கை அளப்பது), நல்ல மாதிரி, முடிந்தால் கோன் சோதனை (கூம்பு முனையை மண்ணுக்குள் தள்ளி எதிர்ப்பை அளப்பது). கோன் நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இறங்கித் தொடர்ச்சியாகப் படம் தரும், நடுப்படலத்தையும் மெல்லிய மணல் கோடுகளையும் தவறவிடாது.

வேனுக்குத் தனித் துளை கேளுங்கள். மாதிரி எடுத்த துளையிலேயே செய்தால் கலங்கிய மண்ணைத்தான் அளப்போம். துளை அடியிலிருந்து குறைந்தது 0.5 மீட்டர் கீழே தள்ளி, சில நிமிடம் விட்டு, நிமிடத்துக்கு 6 முதல் 12 டிகிரி வேகத்தில் சுற்ற வேண்டும். உச்சம் வந்த பிறகு 10 சுற்று வேகமாகச் சுற்றிக் கலக்கி, மறுபடி மெதுவாக அளந்தால் கலங்கிய வலு கிடைக்கும். 65 மி.மீ. அகலம், 130 மி.மீ. உயரம் உள்ள வேன் என்றால் ஒரு வசதி உண்டு. 1 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் வலுவுக்குச் சமம். மீட்டரில் 20 என்று காட்டினால் 20 கிலோபாஸ்கல், ராடு உராய்வைக் கழித்த பிறகு. சைட்டில் நின்றபடியே சரிபார்க்கலாம். சிப்பி மாட்டினால் அளவு திடீரென்று துள்ளும். அதைச் சராசரியில் சேர்க்காமல் அரை மீட்டர் கீழே திரும்பச் செய்ய வேண்டும். வேன் அளவை அப்படியே டிசைனில் போடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் (களிமண் குழைவாக இருக்கும் ஈர அளவின் வீச்சு) 50 உள்ள களிமண்ணுக்கு பியெரும் (Bjerrum) என்பவர் தந்த திருத்தம் சுமார் 0.8. 25 அளந்தால் 20தான் கணக்கு.

ஓல்ட் அலுவியத்தில் எஸ்பிடிக்கு முழு மதிப்பு உண்டு, அங்கே கவனம் வேறு. சுத்தியல் 63.5 கிலோ, விழும் உயரம் 760 மி.மீ., முதல் 150 மி.மீ. அமர்த்தலுக்கு, அடுத்த 300 மி.மீ.க்கு அடிகளை எண்ணுவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கெடுவது துளை அடியைக் கழுவுவதில்தான். கழுவும் பிட்டில் தண்ணீர் நேரே கீழே பீய்ச்சினால் சோதிக்கப்போகும் மண்ணையே குடைந்துவிடும், பக்கவாட்டில் வெளியேறும் பிட்தான் வேண்டும். அடியில் துருவல் தங்கியிருந்தால் குழாய் முதலில் அதைத்தான் விழுங்கும். ராடை இறக்கிய பிறகு நீளத்தை எண்ணிப் பாருங்கள். துளை ஆழத்துக்கும் குழாய் நின்ற ஆழத்துக்கும் 100 மி.மீ. வித்தியாசம் வந்தால் திரும்பக் கழுவச் சொல்லுங்கள்.

மணல் வந்தால் இன்னும் கடினம். துளைக்குள் தண்ணீர் மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீருக்கு மேலே இருக்க வேண்டும். ராடை வேகமாக உருவினால் பம்புபோல உறிஞ்சும், அடியில் மணல் பொங்கி மேலே வரும், அடுத்த எஸ்பிடி 30 வர வேண்டிய இடத்தில் 9 வரும். பார்ப்பவர் அங்கே தளர்ந்த மணல் இருக்கிறது என்று முடிவு செய்வார். கேசிங்கும் (துளைச் சுவர் சரியாமல் தாங்கும் குழாய்) சோதனை ஆழத்தைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது, குழாய்க்குள் அடைபட்ட மண்ணில் அடி எண்ணிக்கை ஏறிவிடும்.

75 மி.மீ.க்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள், மொத்தமாக வேண்டாம். கடின மண்ணில் 100 அடிக்குள் 300 மி.மீ. முடியாவிட்டால் "100 அடி, 180 மி.மீ." என்று இறங்கிய தூரத்தோடு எழுத வேண்டும். 100 அடி 280 மி.மீ.க்கும் 100 அடி 40 மி.மீ.க்கும் நடுவே பைல் நீளமே மாறிவிடும். சுத்தியலின் ஆற்றல் அளவுச் சான்றிதழையும் வாங்குங்கள். 78 சதவீதம் உள்ள சுத்தியலில் 30 வந்தால் 60 சதவீத அடிப்படையில் அது 39. இரண்டு ரிக் ஒரே மனையில் வேலை செய்யும்போது இந்தச் சான்றிதழ் இல்லாமல் இரு பக்கத்து எண்களையும் ஒப்பிடவே முடியாது.

கழுவிய சேற்றுத் தண்ணீர் வடிகாலுக்குப் போகக் கூடாது. மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பென்டோனைட் (தண்ணீரில் ஊறி உப்பும் களிமண் தூள்) கலந்த தண்ணீர் அந்த அளவுக்குத் தானாகத் தெளியாது. தொட்டி வைத்து, டேங்கர் லாரியில் அனுப்புவதற்கான செலவை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

லேப்_பெஞ்ச்:

மாதிரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மரைன் கிளேக்கு ஹைட்ராலிக் பிஸ்டன் சாம்பிளர், 75 மி.மீ. மெல்லிய சுவர்க் குழாய், 1 மீட்டர் நீளம். ஓல்ட் அலுவியத்துக்கு மசியே சாம்பிளர் (சுழன்று வெட்டியபடி உள்குழாயில் மாதிரியைப் பிடிப்பது). இரண்டையும் கேட்டு எழுதுங்கள். ஒன்றை மட்டும் கொண்டு வந்துவிட்டு "எல்லா மண்ணுக்கும் இதுவே போதும்" என்பதை ஏற்க வேண்டாம். ஓல்ட் அலுவியத்தின் பிணைப்பு பலவீனமானது. நிறையத் தண்ணீர் விட்டு மசியே போட்டால் மணல் கழுவிப்போய் வெறும் களிக்கட்டி மட்டும் குழாயில் வரும்.

பிஸ்டன் குழாயை ஒரே மூச்சில் நிற்காமல் தள்ள வேண்டும். தள்ளியதும் உருவாமல் 5 முதல் 10 நிமிடம் விட்டால் களிமண் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், மாதிரி நழுவாது. விளிம்பு மடங்கிய குழாயைத் திரும்பப் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு குழாயின் வெட்டு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். இரு முனையிலும் மெழுகு சுமார் 25 மி.மீ., மெல்ல மெல்ல இரண்டு மூன்று அடுக்காக. கொதிக்கும் மெழுகை ஒரேயடியாக ஊற்றினால் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும், அதன் வழியே ஈரம் போகும். குழாயை நிமிர்த்தியே வைக்க வேண்டும், மேல் எது கீழ் எது என்று அம்புக்குறியோடு. வெயிலில் நிற்கும் கண்டெய்னருக்குள் வார இறுதி முழுவதும் விட்டுவைத்த குழாயும், லாரி அடியில் உருண்டு வந்த குழாயும் இங்கே வந்து வெட்டும்போதே தெரிந்துவிடும். ஓரம் குழைந்து, நடுவில் விரிசல் விட்டிருக்கும்.

லேப் முடிவு வந்ததும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மனையில் 12 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 3 மீட்டர் மண், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், மொத்தம் 54. நீர் மட்டம் 1.5 மீட்டரில் என்றால் 15 கழிந்து 39. அதன் கீழே 9 மீட்டர் களிமண், மிதப்பு எடை 6 வீதம் 54. சேர்த்தால் 93 கிலோபாஸ்கல். இயல்பாக அமுங்கிய களிமண்ணின் வலு இதில் சுமார் 0.22 பங்கு, அதாவது 20 கிலோபாஸ்கல். வேன் திருத்தத்துக்குப் பிறகு 18 முதல் 24 என்று வந்தால் நம்பலாம். லேப்பில் 9 வந்தால் மாதிரி கலங்கியது. 45 வந்தால் ஒன்று அது நடுப்படலம், அல்லது குழாயில் ஆழம் மாற்றி எழுதப்பட்டது. மேலே உள்ள மண் சமீபத்தில் கொட்டியதாக இருந்தால் இந்தக் கணக்கு அதிகமாகக் காட்டும், ஏனென்றால் களிமண் அந்தச் சுமையை இன்னும் முழுதாக வாங்கியிருக்காது.

ஈடோமீட்டர் சோதனையில் (மாதிரியை அழுத்தி எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது) மாதிரித் தரத்தைச் சொல்லும் எண் ஒன்று கிடைக்கும், பெரும்பாலோர் கேட்பதில்லை. மாதிரியை நிலத்தில் இருந்த அதே அழுத்தத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும்போது வெற்றிட விகிதம் (மண் துகள்களின் கொள்ளளவுக்கு இடைவெளிகளின் கொள்ளளவு) எவ்வளவு குறைந்தது என்பதைத் தொடக்க வெற்றிட விகிதத்தால் வகுக்க வேண்டும். 0.04 க்குள் வந்தால் மிக நல்ல மாதிரி, 0.07 வரை பரவாயில்லை, 0.14 தாண்டினால் அந்தக் குழாயின் எந்த முடிவையும் டிசைனில் சேர்க்காதீர்கள். இந்த எண்ணையும் ரிப்போர்ட்டில் போடச் சொல்லி லேப்புக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

தோண்டும் வேலை இருப்பதால் சாதாரண யுயு சோதனையோடு (மாதிரியை நீர் வடிய விடாமல் உடனே நசுக்கிப் பார்ப்பது) நிற்காமல், துளைநீர் அழுத்தம் அளக்கும் சியு சோதனையும் (முதலில் அமுங்க விட்டு, பிறகு நீர் வடிய விடாமல் நசுக்குவது) சிலவற்றுக்குக் கேளுங்கள். ஆனால் அதில் வரும் உராய்வுக் கோணத்தை வடிகால் இல்லாத நிலைக்கு எந்த மாடலிலும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் வட்ட ரயில் பாதைக்குத் தோண்டிய இடம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். முட்டுக்கம்பி இணைப்பில் இருந்த குறைபாட்டோடு, கணினி மாடலில் மரைன் கிளேயின் வலுவை அதிகமாக எடுத்த முறையும் விசாரணையில் காரணமாகக் காட்டப்பட்டது. வேனில் நேரடியாக அளந்த வலு கையில் இருந்தால் மாடல் தரும் வலுவை அதோடு வைத்துப் பார்க்கலாம்.

மண்டாய்_பிளாட்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மனை மண்டாய் பக்கம், புக்கிட் தீமா கிரானைட். 14 மீட்டரில் பாறை வந்துவிட்டது, நிறுத்தலாமா என்று டிரில்லர் கேட்கிறார்.

மண்ணுக்கடியில்:

நிறுத்த வேண்டாம். கிரானைட் சிதையும்போது நடுவில் உருண்டைப் பாறைகள் சிதையாமல் தங்கும், சில 2, 3 மீட்டர் கனம்கூட இருக்கும். கீழே மறுபடி மண் வரலாம். டிரிபிள் டியூப் பேரலில் (பாறையை வெட்டி எடுக்கும் மூன்றடுக்குக் குழாய்) குறைந்தது 5 மீட்டர் தொடர்ந்து கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்துப் பாருங்கள். கோரின் மேலும் கீழும் சிதைவு நிறம் வளைந்து ஓடினால் அது உருண்டைப் பாறை. பக்கத்துத் துளையில் பாறைத் தலை 10 மீட்டர் மேலேயோ கீழேயோ இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், கிரானைட்டில் அது சகஜம். இரண்டு துளைக்கு நடுவே நேர்கோடு போட்டுப் பைல் நீளம் எடுப்பதுதான் தவறு. சந்தேகமான இடத்தில் நடுவில் இன்னொரு துளை போடுங்கள்.

கேலாங்_சைட்:

கடைசியாக ஒன்று. துளையை மூடுவது எப்படி? டிரில்லர் தோண்டிய மண்ணையே போட்டுவிடலாம் என்கிறார்.

குழிக்காவல்:

ரயில் பாதுகாப்பு வட்டத்தில் அது நடக்காது, மற்ற இடத்திலும் வேண்டாம். களிமண் கட்டிகள் பாதியில் சிக்கிக் கீழே வெற்றிடம் விடும். பின்னால் 5 மீட்டர் தோண்டும்போது ஓல்ட் அலுவியத்தின் நீர் அந்த வழியாக மேலே வரும்.

சிமென்ட் பென்டோனைட் கலவைதான் சரி. 100 மி.மீ. துளை, 35 மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு சுமார் 0.275 கன மீட்டர், கசிவுக்குச் சேர்த்து 0.4 வைத்துக்கொள்ளுங்கள். எடை அளவில் தண்ணீர் 2.5, சிமென்ட் 1, பென்டோனைட் 0.3. ஒரு 50 கிலோ மூட்டைக்கு 125 லிட்டர் தண்ணீர், 15 கிலோ பென்டோனைட், கிடைப்பது சுமார் 147 லிட்டர். மூன்று மூட்டை போதும். தண்ணீரில் முதலில் சிமென்ட்டைக் கலக்கி, அதன் பிறகுதான் பென்டோனைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி கட்டியாகி பம்ப் அடைக்கும். குழாயைத் துளை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலே நிரப்புங்கள். துளையில் இருந்த சேறு முழுதும் வெளியேறிச் சுத்தமான கலவை வாயில் வரும்வரை நிறுத்தாதீர்கள். கேசிங்கை உருவும்போது மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மறுநாள் காலை போய்ப் பாருங்கள். இரவில் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை அமுங்கியிருக்கும், அதையும் நிரப்பி, மேலே நடைபாதை இருந்தால் முன்பு இருந்த கனத்தில் கான்கிரீட் போட்டுப் படம் எடுத்து ரிப்போர்ட்டோடு சேர்த்துவிடுங்கள்.